ஜேசிபி வாங்குமுன் மண்ணைப் பாருங்கள்

தூத்துக்குடி மாவட்டத்தில் தோட்டம் அமைக்கும் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,



உங்களில் சிலர் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்கள். சிலர் நர்சரி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள். இன்னும் சிலர் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்து, "முன்னால கொஞ்சம் புல்லும் செடியும் வச்சுக் குடுங்க" என்று வீட்டுக்காரர்கள் கேட்டதால் இந்தப் பக்கம் திரும்பியவர்கள். யாரைப் பார்த்தாலும் கடைசியில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணாச்சி, சொந்தமா ஒரு ஜேசிபி எடுத்துரலாமா?" போனில் பாதி, டீக்கடையில் பாதி என்று பதில் சொல்லி முடியவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி இப்போது எழுவதற்குக் காரணம் இருக்கிறது. 2025 ஜூலையில் விமான நிலையத்தின் புதிய முனையம் திறந்தது. அடுத்த மாதமே சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்தது. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். பெரிய தொழிற்சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும்போது, இடத்தில் ஒரு பகுதியைப் பசுமை வளையமாக வைக்கச் சொல்வது வழக்கம். ஆக, குழி வெட்டவும் மரம் வைக்கவும் வேலை கூடத்தான் போகிறது. அந்த வேலை உங்கள் கைக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. வண்டித் தவணை உங்களைத் தின்றுவிடக் கூடாது என்பதும் ஆசைதான்.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். புது ஜேசிபிக்காக 30 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 4 வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 77,500 ரூபாய். வண்டி ஓடினால் மணிக்கு 1,200 ரூபாய் வாடகை கிடைக்கிறது என்று வையுங்கள். டீசலுக்கு 500 போகும். ஆபரேட்டர் சம்பளம், பேட்டா, டயர், பக்கெட் பல், கிரீஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 200 போகட்டும். கையில் நிற்பது 500. தவணையைக் கட்டி முடிக்கவே மாதம் 155 மணி நேரம் வண்டி ஓட வேண்டும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றாலும் 19, 20 நாள். ஒரு சின்னத் தோட்ட வேலைக்காரருக்கு மாதத்தில் ஜேசிபி உண்மையாகத் தேவைப்படுவது எத்தனை மணி நேரம்? உங்கள் பழைய பில்களை எடுத்து நீங்களே கூட்டிப் பாருங்கள். இருபது, முப்பது மணி நேரத்தைத் தாண்டினால் ஆச்சரியம். மிச்ச நேரத்துக்கு நீங்கள் வெளியே வாடகைக்கு விட்டாக வேண்டும். அப்படி விட ஆரம்பித்த நாளிலிருந்து நீங்கள் தோட்டக்காரர் இல்லை, வண்டிக்காரர். அது நல்ல தொழில்தான். ஆனால் நீங்கள் படித்ததும் கற்றதும் அதற்கில்லை.

மானியம் கிடைக்கிறதே என்பீர்கள். மாவட்டத் தொழில் மையத்தில் புதிய தொழில்முனைவோருக்கான 'நீட்ஸ்' திட்டம் இருக்கிறது. பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீதம் மானியம் உண்டு. தகுதி இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். என்ன வண்டி வேண்டும் என்று முடிவு செய்த பிறகு மானியத்தைத் தேடுங்கள். மானியம் பெரிதாகக் கிடைக்கிறதே என்று பெரிய வண்டியை எடுத்தால், மானியம் போக மீதியைக் கட்டப் போவது நீங்கள்தான்.

என்ன வண்டி என்பதை முடிவு செய்வது மண். ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை மாறுபட்ட மண் கிடப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும். காலையில் விளாத்திகுளத்தில் வெட்டிய கருவி சாயங்காலம் உடன்குடியில் உதவாது.

கடலை ஒட்டிய உவர் மண்ணிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நாம் அதிகம் பணத்தை விடுவது அங்கேதான். முத்தையாபுரம், முள்ளக்காடு, தருவைகுளம், வேப்பலோடை, ஆறுமுகநேரி என்று உப்பளம் இருக்கிற எந்தப் பக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் உப்பளக்காரர்கள் போர் போட்டு, நிலத்தடியிலிருந்து உப்புநீரை எடுத்துப் பாத்தியில் காயவைத்துத்தான் உப்பு விளைவிக்கிறார்கள். அதே நீர்தான் நீங்கள் தோண்டும் குழிக்கு அடியிலும் நிற்கிறது. ஜேசிபி வந்து ஆறடிக்கு வெட்டிக் கொடுத்தால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வேரைக் கொண்டுபோய் உப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டீர்கள். முதல் மழைக்குத் தளிர்க்கும். பங்குனி வெயிலில் இலை ஓரம் கருகும். வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். நீங்கள் கொடுத்த கன்று சரியில்லை என்று அவர் சொல்வார்.

அந்த மண்ணில் தோண்டக் கூடாது, ஏற்ற வேண்டும். அடியில் அரை அடிக்கு ஜல்லி பரப்பி, அதன்மேல் இரண்டு மூன்றடி உயரத்துக்கு நல்ல மண்ணை மேடாகக் கூட்டுங்கள். ஜல்லியின் இடைவெளியைத் தாண்டி உப்புநீர் கசிந்து மேலே ஏறுவது குறையும். மேட்டைப் புரட்டாசிக்குள் போட்டுவிட்டால், ஐப்பசி கார்த்திகை மழை அந்த மண்ணில் இருக்கிற உப்பையும் கழுவி இறக்கிவிடும். பிறகு பூவரசு, புன்னை, புங்கன், வேம்பு எதை வேண்டுமானாலும் வையுங்கள். கருவிக் கணக்கும் இங்கே தலைகீழாக மாறுவதைக் கவனியுங்கள். ஜேசிபியின் பின்பக்கத்துக் கை இங்கே உங்களுக்கு வேண்டாம். மண்ணை அள்ளிக் குவிக்கும் முன்பக்கத்துப் பக்கெட்தான் வேண்டும், அதுவும் அரை நாளைக்கு. மிச்சம் முழுக்க மம்பட்டியும் சட்டியும்.

மேடு போட்டால் வடிகாலும் போட்டாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ஐ நம்மில் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். இந்த மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கப் பெய்கிற சராசரி மழையைவிட அது அதிகம். அந்த மாதிரி மழைக்கு எந்த வாய்க்காலும் போதாது என்பது உண்மைதான். ஆனால் சாதாரணக் கார்த்திகை மழைக்கே தண்ணீர் தேங்கி நிற்கிற தோட்டங்களை நாம்தான் அமைத்துக் கொடுத்திருக்கிறோம். வடிகாலுக்கு அகலமான பக்கெட் வேண்டாம். ஓரடி அகலப் பக்கெட் மாட்டிய சின்ன வண்டி போதும். வாட்டம் பிடிப்பதற்குக் கண்ணை நம்பாதீர்கள், டியூப் லெவல் வைத்துப் பாருங்கள். தண்ணீர் கடைசியில் எங்கே போகிறது என்பதையும் வேலை தொடங்குமுன்னே நடந்து பார்த்துவிடுங்கள். பக்கத்து மனைக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டுவிட்டு, இது பக்கிள் ஓடைக்குப் போய்விடும் என்று சொல்வது வேலை ஆகாது.

கரிசலுக்கு வருவோம். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம். கோடையில் கடப்பாரை இறங்காது, மழையில் மம்பட்டியை விட்டு மண் விலகாது. இந்த மண்ணில் நேரம் பார்ப்பதுதான் பாதி வேலை. மழை பெய்து இரண்டு மூன்று நாள் காய்ந்த பதத்தில் வெட்டினால், ஒரு ஆள் வெட்டுகிற குழிக்கும் கோடையில் அவரே வெட்டுகிற குழிக்கும் சம்பந்தமே இருக்காது. இங்கே பெட்ரோலில் ஓடி, திருகிக் குழி துளைக்கும் கை ஆகர் நன்றாக இறங்கும். ஆனால் ஈரக் கரிசலில் ஆகர் சுற்றும்போது குழியின் சுவரை வழவழவென்று பூசிவிட்டுப் போகும். அந்தச் சுவரை வேர் துளைக்காது, தண்ணீரும் வெளியே போகாது. குழி எடுத்த கையோடு கடப்பாரையால் நாலு பக்கமும் கொத்திவிடுங்கள். ஒரு நிமிஷ வேலைதான். அதைச் செய்யாமல் போன பல வரிசைகள் மூன்றாம் வருஷத்திலும் வைத்த உயரத்திலேயே நிற்பதைக் காணலாம். குழிகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டினால் டிராக்டரில் மாட்டுகிற ஆகரை வாடகைக்கு எடுங்கள். கை ஆகரைப் பிடித்து நாள் முழுக்க நிற்பவரின் தோள்பட்டை தாங்காது. அடியில் கல் இருக்கிற இடத்தில் கை ஆகரே வேண்டாம், கைப்பிடி திரும்பி அடித்துவிடும்.

தேரியில் மாற்றி யோசிக்க வேண்டும். சாத்தான்குளம், உடன்குடி, குதிரைமொழிப் பக்கத்துச் செம்மணலில் வண்டி வேலையே கிடையாது. டயர் புதையும், நேற்று வெட்டிய குழி இன்றைக்கு மூடிக்கிடக்கும். கன்றைக் கையில் வைத்துக்கொண்டு குழி வெட்டுங்கள். தண்ணீர் நிற்காத மண் அது. குழிக்கான காசை மிச்சம் பிடித்து மக்கிய உரத்துக்கும் தேங்காய் நார்க்கழிவுக்கும் போடுங்கள். தேரியிலோ ஆற்று மணலிலோ ஐந்தடிக்குக் கீழே யாரையும் இறக்காதீர்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குப் பக்கவாட்டில் பலகை முட்டு கொடுக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயத்திலேயே இருக்கிறது. மணல் சரியும்போது சத்தம் கேட்காது.

ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கத்து ஆற்று வண்டலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அங்கே எந்தக் கருவியும் வேலை செய்யும்.

ஊருக்குள் வேலை என்றால் மண்ணைவிட வாசல்தான் முதலில் பார்க்க வேண்டியது. ஜேசிபி ஏழரை அடி அகலம், ஏறத்தாழ 8 டன். பழைய தூத்துக்குடித் தெருக்களில் அது திரும்பவே திரும்பாது. உள்ளே நுழைந்துவிட்டாலும், நீங்கள் நாளை புல் விரிக்கப்போகிற மண்ணை டயர் அழுத்திக் கட்டாந்தரை ஆக்கிவிட்டுப் போகும். ஒன்றரை, இரண்டு டன் சின்ன எக்ஸ்கவேட்டர் மூன்றரை அடி வாசலில் நுழையும். ரப்பர் செயின் என்பதால் தரையும் தாங்கும். ஆறேழு அடி ஆழம் வெட்டும், வீட்டுத் தோட்டத்துக்கு அதற்குமேல் எதற்கு? என்றாவது ஒருநாள் சொந்தமாக வண்டி எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், என் ஓட்டு இந்தச் சின்ன வண்டிக்குத்தான். ஜேசிபி எந்த ஊரிலும் வாடகைக்குக் கிடைக்கும், ஆகவே உங்களிடம் இருப்பதால் தனி மதிப்பு இல்லை. சின்ன வண்டி நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது. ஆனால் சின்னதாயிற்றே, விலையும் சின்னதாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு வருஷம் வாடகைக்கு எடுத்து ஓட்டி, மணிக்கணக்கை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பதை அந்த நோட்டு சொல்லும்.

ஜேசிபிதான் சரி என்கிற வேலையும் உண்டு. சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கும் மனையைச் சுத்தம் செய்வது அது. தரைக்கு மேலே வெட்டினால் அடுத்த மழைக்குப் பத்து கிளையாக வரும். தண்டும் வேரும் சேர்கிற முண்டைத் தரைக்குக் கீழிருந்து நெம்பி எடுத்தால்தான் ஒழியும். அதற்கு ஆளை விட்டுக் கஷ்டப்படுத்தாதீர்கள். அதே வேகத்தில் ஓரத்தில் நிற்கும் பனையையும் சாய்த்துவிட வேண்டாம். பனை வெட்டுவதற்கு ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இலேயே அரசு அறிவித்தது. அனுமதி ஒருபுறம் இருக்கட்டும், உவரிலும் தேரியிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கிற ஒரு மரத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு என்ன வைத்துக் காப்பாற்றப் போகிறோம்?

கடற்காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊரில் நிற்கிற ஒரு ஜேசிபியின் பின்கைக்கு அருகில் போய், ஹைட்ராலிக் ராடை உற்றுப் பாருங்கள். கண்ணாடிபோல் மின்னும் குரோம் பூச்சில் அங்கங்கே கடுகளவு பழுப்புப் புள்ளி தெரியும். விரல் நகத்தால் வருடினால் தட்டும். உப்புக் காற்று குரோமைத் துளைத்து உள்ளே இருக்கிற இரும்பைத் தொட்டுவிட்டது. ராடு உள்ளே போய் வரும் ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளி சீலை அறுக்கும். பிறகு ஆயில் கசியும், கை தானாகத் தாழும். செலவெல்லாம் அந்தக் கடுகிலிருந்து ஆரம்பிப்பதுதான். வேலை முடிந்ததும் முடிந்தவரை ராடுகளை உள்ளே இழுத்து நிறுத்துங்கள். வெளியே நிற்கிற பகுதியில் கிரீஸ் தடவுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர் தண்ணீரில் கழுவினால் உப்பைத்தான் பூசுகிறீர்கள். மம்பட்டிக்கும் கடப்பாரைக்கும் இதே கவனிப்புதான். மண்ணைத் துடைத்து எண்ணெய் தடவிச் சாய்த்து வைப்பவரிடம் ஒரு மம்பட்டி பல வருஷம் உழைக்கும். விலை மலிவான தகரத்தை வாங்கிப் போட்டு ஆளைச் சோதிக்காதீர்கள். கொல்லுப்பட்டறையில் அடித்த இலையை வாங்கி, ஆளின் உயரத்துக்குத் தக்க காம்பு போட்டுக் கொடுங்கள். முதுகு வலி என்று லீவு போடுவது குறையும்.

இரும்பு என்றதும் சிவகளை ஞாபகம் வருகிறது. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழகத் தொல்லியல் துறை அறிக்கை வெளியிட்டது. நம் மாவட்டம்தான். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899-இலிருந்து தோண்டிய பறம்பும் நம்முடையதுதான். கொற்கையும் அப்படியே. தாமிரபரணிக் கரையில் வேலை எடுத்தால், குழியில் தாழியின் விளிம்போ கறுப்பு சிவப்பு ஓடோ தட்டுப்பட்டதும் வண்டியை நிறுத்திவிடுங்கள். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும் என்பது சட்டத்துக்காக. பக்கெட்டின் ஒரு இழுப்பில் அழிவதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பது நமக்காக.

புதைந்து கிடப்பது பழசு மட்டும் இல்லை. ராமநாதபுரம்–தூத்துக்குடி எரிவாயுக் குழாய் 2021 பிப்ரவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. மின் கேபிள், குடிநீர்க் குழாய், கண்ணாடி இழைக் கேபிள் எல்லாம் சாலையோரத்தில்தான் போகின்றன. 2023-இல் மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' என்று ஒரு செயலி கொண்டுவந்தது. எங்கே தோண்டப் போகிறீர்கள் என்று அதில் பதிந்தால், அந்த இடத்தில் குழாயோ கேபிளோ வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். வெளி இட வேலைக்குப் பதியாமல் போகாதீர்கள். பதிந்த பிறகும் முதல் மூன்றடியைக் கையால் வெட்டிப் பார்த்துவிட்டு வண்டியை விடுங்கள்.

இனி நான் கேட்கிற ஒன்று. மேட்டுக்கு மண் எங்கிருந்து கொண்டுவருகிறீர்கள், வெட்டிய மண்ணை எங்கே கொட்டுகிறீர்கள்? செம்மண்ணோ சவுடோ சரளோ, நடைச்சீட்டு இல்லாத லோடை வாசலில் இறக்க விடாதீர்கள். யூனிட்டுக்குச் சில நூறு ரூபாய் குறைவாகத்தான் வரும். 2023 ஏப்ரலில் முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். மணல் கடத்தலைத் தடுத்ததற்காக. சீட்டு இல்லாத லோடு வாங்குகிறவர் இருப்பதால்தான் அதை அள்ளுகிறவர் இருக்கிறார். கொட்டுவதும் அப்படித்தான். ராத்திரியோடு ராத்திரியாகக் கழிமுகத்திலோ அலையாத்திப் பக்கத்து ஓடையிலோ தள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்று டிப்பர்க்காரர் சொல்வார். அந்த வண்டல் கடலில் போய்ப் பவளப்பாறைமேல் படிந்து மூச்சை அடைக்கும். இந்தக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. நாம் தோண்டியதால் முத்து போயிற்று என்று சொல்ல வரவில்லை. வான் தீவைச் சுற்றி மிச்சம் இருக்கிற பவளத்தையும், இந்தக் கடலை நம்பி இன்றைக்கும் சங்கு குளிக்கப் போகிறவர்களையும் நினைத்துச் சொல்கிறேன். வெட்டிய மண்ணை அந்த மனையிலேயே மேடாக்கி முடிப்பதுபோல் வரைபடத்தைப் போடுங்கள். நல்ல தோட்டத்தில் வெளியே போகிற லோடு குறைவாகத்தான் இருக்கும்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. 2021 ஏப்ரலில் புகை விதி மாறியது. அதற்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலும் நம் ஊர் மெக்கானிக் கழற்றிப் பூட்டுகிற பம்புதான் இருக்கும். பிந்தையவற்றில் மின்னணு வந்துவிட்டது, கோளாறு கண்டுபிடிக்கவே கம்பெனி ஆள் வர வேண்டும், டீசலும் சுத்தமாக இருக்க வேண்டும். மணி மீட்டரை நம்பாதீர்கள், பெடலின் தேய்மானத்தையும் சீட்டையும் பாருங்கள். காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பின்கையைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பேசிக்கொண்டிருங்கள். அது எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு கையைத் தரையில் இறக்கிவிட்டு, பக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் பின்னும் புஷ்ஷும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று தெரிந்துவிடும். உப்பளத்திலோ துறைமுக யார்டிலோ ஓடிய வண்டி என்றால் சேசிஸுக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் பழைய கடன் நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி வாடகையோ சொந்தமோ, ஓட்டுகிறவரிடம் முறையான லைசென்ஸ் இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் எழுதும் நாளில் வண்டியோடு நிறுத்திவிடாமல், ஆபரேட்டரையும் உங்களிடம் மம்பட்டி பிடிக்கிற ஒவ்வொரு ஆளையும் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசியில் சேர்த்து எழுதுங்கள். ஒரு ஆளுக்கு ஆகும் பிரீமியத்தை வருஷக் கூலியோடு வைத்துப் பார்த்தால் சின்னத் தொகை. எஸ்டிமேட் போடும்போதே அதைத் தனி வரியாகக் காட்டுங்கள். காரணம் சொன்னால் வீட்டுக்காரர்கள் கொடுக்கிறார்கள்.

அன்புடன்,
தொழிலில் உங்களுக்கு மூத்த ஒருவன்,
தூத்துக்குடி